பொக்ஸர் என்று எழுதிய பதினொரு கசட்டுகள்

கடந்த டிசம்பர் விடுமுறையில் அக்குறணையில் இருக்கும் எங்கள் சாச்சாவின் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். சாமான்களை ஒதுக்க நானும் போயிருந்தேன். ஓர் அலுமாரியின் மேலிருந்து பழைய பிஸ்கட் பெட்டியொன்று இறங்கியது. உள்ளே பதினொரு வீடியோ கசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சாச்சா பாடசாலைக் காலத்தில் போல்பொயின்ட் பேனையால் எழுதிய பெயர்: ‘பொக்ஸர்’, ‘பொக்ஸர் 2’, ‘ஒத்தக்கை பொக்ஸர்’, ‘பாம்பு பொக்ஸர்’, ‘கிழவன் பொக்ஸர்’. ஒன்றில் மட்டும் ‘கலியாணம் – அழிக்க வேண்டாம்’ என்றிருந்தது. அது எங்கள் மாமியின் கலியாணம். அதிலும் பாதிக்கு மேல் பொக்ஸர்தான் ஓடுகிறது என்று சாச்சா மெதுவாகச் சொன்னார். மாமிக்கு இது இன்று வரை தெரியாது. இந்தச் சஞ்சிகை அவருடைய கையில் அகப்படாமல் இருக்க வேண்டும்.

நான் இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெண்களுக்கென்று பெண் ஆசிரியை ஒருவர் நடத்தும் கராத்தே வகுப்பொன்றில் சேர எனக்கு விருப்பம். அதற்கான படிவத்தை வாப்பாவிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, “இதெல்லாம் சாச்சாட கசட் பார்த்து வந்த வருத்தம், மகள்” என்று மேசையில் வைத்துவிட்டார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. உம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது என்ன பதில் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கிறேன். ஆகவே பார்ப்பதற்கு ஒரு சாட்டும் இருந்தது. கசட்டுகளைப் போட முடியவில்லை. கண்டிப் பக்கத்து ஈரத்தில் நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். சாச்சா கதையைச் சொல்லச் சொல்ல எது எந்தப் படம் என்று கண்டுபிடித்து, நல்ல பிரதிகளை அவருடைய கணினியில் பார்த்தோம்.

முதலில் பெயர். இந்தப் படங்களில் யாரும் கையுறை போடுவதில்லை. கயிறு கட்டிய மேடையும் இல்லை. பிறகு ஏன் பொக்ஸர்? சீன மொழியில் ‘ச்சுவான்’ என்றால் கைமுட்டி. ஆயுதமில்லாத சண்டை முறைகளின் பெயர்களும் பெரும்பாலும் அந்தச் சொல்லில்தான் முடியும். ஆங்கிலேயர் அதைத் தங்களுக்குத் தெரிந்த விளையாட்டின் பெயரால் பொக்ஸிங் என்றார்கள். 1900ஆம் ஆண்டு சீனாவில் வெளிநாட்டாருக்கு எதிராக நடந்த எழுச்சியை வரலாற்றில் பொக்ஸர் கிளர்ச்சி என்று படிக்கிறோமே, அதுவும் இதே மொழிபெயர்ப்புத்தான். படங்களை ஆங்கிலத்தில் விற்றவர்களும் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊரிலோ அதற்கு இன்னொரு பெயர் விழுந்தது. குங்ஃபூ என்றாலும் கராத்தே என்றாலும் எல்லாமே ‘கராத்தே படம்’. குங்ஃபூ சீனாவுக்கும் கராத்தே ஒகினாவா வழியாக ஜப்பானுக்கும் உரியது. பல படங்களின் கதையே அந்த இரண்டுக்கும் நடக்கும் சண்டைதான் என்பதைக் கேட்டபோது சாச்சா சிரித்துவிட்டார். அவர் நாற்பது வருடமாக இரண்டையும் ஒன்று என்றே நினைத்திருந்தார்.

ரூபவாஹினி 1982இல் தொடங்கிய காலத்தில் அவர் சிறு பையன். டீவி இருந்த வீடுகளே கொஞ்சம். அதற்குப் பிறகு டெக் வந்தது. வெள்ளி இரவில் டெக்கையும் கசட்டுகளையும் வாடகைக்கு எடுத்துவந்து, விடியும் வரைக்கும் ஓட்டி, காலையில் திருப்பிக் கொடுப்பார்களாம். தமிழ்ப்படம் ஒன்று பெரியவர்களுக்கு, ஹிந்திப்படம் ஒன்று பெண்களுக்கு, கராத்தே படம் ஒன்று பையன்களுக்கு. இந்த மூன்றாவதுக்கு ஒரு வசதி இருந்தது. ஆங்கிலம் விளங்கத் தேவையில்லை. படத்தில் பேசுபவர்களுக்கே அது சரியாக விளங்கியதா என்பது சந்தேகம்.

கதை எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நகரத்தில் இரண்டு சண்டைப் பள்ளிகள். ஒன்றின் குரு நல்லவர், வயதானவர். மற்றதன் குரு பொறாமைக்காரர், வெளியிலிருந்து கூலிக்கு ஆட்களைக் கொண்டுவருபவர். நல்ல பள்ளி எரிக்கப்படும் அல்லது குரு கொல்லப்படுவார். ஒரு மாணவன் தப்புவான். ஒளிந்திருந்து பயிற்சி எடுப்பான். திரும்பி வருவான்.

இந்த எலும்புக்கூட்டை நிலைநாட்டிய படம் 1970இல் ஹொங்கொங்கின் ஷோ பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘த சைனீஸ் பொக்ஸர்’. ஜிம்மி வாங் யூ எழுதி, இயக்கி, தானே நடித்தார். அதற்கு முன்னர் அங்கு ஓடியவை பெரும்பாலும் வாள் சண்டைப் படங்கள். இவர் வாளைத் தூக்கி வைத்துவிட்டு, சூடான இரும்புத் தூளுக்குள் கையை விட்டு விட்டு உரமாக்கும் ஒருவனைக் காட்டினார். அடுத்தது 1972இல் வந்த ‘கிங் பொக்ஸர்’. இயக்கியவர் சொங் சாங் ஹ்வா என்ற கொரியர். கதாநாயகன் லோ லியே. இரண்டு பள்ளிகள் ஒரு பெரிய போட்டிக்காக மோதுகின்றன. எதிரிப் பள்ளியின் கூலியாட்கள் கதாநாயகனின் இரண்டு கைகளையும் நசுக்கிவிடுகிறார்கள். நசுங்கிய கையோடு மீண்டும் பழகுகிறான். அவனுடைய உள்ளங்கை சிவப்பாக ஒளிரும்போது சைரன் போன்ற ஓர் இசை வரும். அந்த இசை அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலிருந்து எடுத்தது. 1973 மார்ச்சில் வோர்னர் பிரதர்ஸ் இந்தப் படத்தை ‘ஃபைவ் ஃபிங்கர்ஸ் ஒஃப் டெத்’ என்று அமெரிக்காவில் வெளியிட, அங்கே குங்ஃபூப் பைத்தியம் தொடங்கியது. அப்போது புரூஸ் லீ உயிரோடு இருந்தார். அதே ஆண்டு ஜூலை 20ஆம் திகதி 32 வயதில் இறந்துபோனார். பிறகு புரூஸ் லீ போல் கண்ணாடி போட்டு, தலைமயிர் வெட்டி, புரூஸ் லை, புரூஸ் லே என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்ட நடிகர்களை வைத்துப் படம் எடுத்தார்கள். பெட்டியில் இருந்த ‘புரூஸ் லீ’ கசட்டுகள் மூன்றில் இரண்டு அவருடையவை அல்ல. இதைச் சொன்னபோது சாச்சாவுக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது.

இரண்டு பள்ளிகள் மோதும் கதை தமிழில் இல்லையா என்று கேட்டால், 2021இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ இருக்கிறது. அதில் வடசென்னையில் சார்பட்டா, இடியாப்பன் என்ற இரண்டு பரம்பரைகள். கையுறை போட்ட உண்மையான குத்துச்சண்டை. இதைவிடக் கிட்டவும் ஒன்று இருக்கிறது. கண்டி இராச்சியத்தில் அங்கம்பொர என்ற போர்க்கலையைப் பழகிய சுதாலிய, மாருவல்லிய என்ற இரண்டு பரம்பரைகள் அரசனின் முன்னிலையில் ஒன்றையொன்று எதிர்த்து மோதியதாகச் சொல்லப்படுகிறது. மோதும் குழிக்கு ‘ஊரா லிந்த’, அதாவது பன்றிக் கிணறு என்று பெயராம். 1815இல் கண்டி ஆங்கிலேயரின் கைக்குப் போன பிறகு அங்கம்பொர தடைசெய்யப்பட்டது. சில குடும்பங்கள் இரகசியமாகப் பழகி வந்ததால்தான் அது இன்றும் மிஞ்சியிருக்கிறது. தரம் எட்டில் கல்விச் சுற்றுலாவில் எம்பக்க தேவாலயத்துக்குப் போனோமே, அந்த மரத்தூண்களில் அன்னத்துக்கும் இரட்டைத்தலைக் கழுகுக்கும் பக்கத்தில் இரண்டு மல்லர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதை எத்தனை பேர் கவனித்தோம்? நான் கவனிக்கவில்லை. சாப்பாட்டுப் பார்சலைத்தான் கவனித்தேன்.

இனி, இந்தப் படங்களைப் பார்த்து ஏன் சிரிக்கிறோம் என்ற விடயம். வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம். அடி விழுமுன்னே சத்தம் வருகிறது. ஒரே கல்லுமலை எல்லாப் படத்திலும் வருகிறது. நானும் முதல் நாள் சிரித்தேன். காரணங்களைத் தேடிப் பார்த்த பிறகு சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது.

ஹொங்கொங்கிலும் தாய்வானிலும் அந்தக் காலத்தில் படப்பிடிப்பின்போது குரலைப் பதிவு செய்வதில்லை. நடிகர்களில் ஒருவர் கன்டோனீஸ் பேசுவார், ஒருவர் மாண்டரின், மற்றவர் கொரிய மொழி. யார் எதைப் பேசினாலும் பரவாயில்லை. பிறகு ஸ்டூடியோவில் வேறு ஆட்கள் குரல் கொடுப்பார்கள். ஆங்கிலப் பிரதிக்கு ஹொங்கொங்கில் வசித்த ஆங்கிலேயர் சிலர் கூடி, ஒருவரே நாலைந்து பாத்திரங்களுக்குப் பேசி முடிப்பார்கள். அதனால்தான் நல்ல குருவும் கெட்ட குருவும் சில நேரம் ஒரே குரலில் சண்டை பிடிக்கிறார்கள். குரல் பதிவு இல்லாததால் படப்பிடிப்பு வேகமாக நடக்கும். பக்கத்தில் லொறி போனாலும், யாராவது இருமினாலும் இன்னொரு தடவை எடுக்கத் தேவையில்லை. இந்த வகைப் படங்கள் பல சில கிழமைகளிலேயே முடிந்தன.

கதை ஏன் எப்போதும் பழைய காலத்தில் நடக்கிறது? துணிச் சட்டையும் துணிச் சப்பாத்தும் மலிவு. ஒரு முற்றமும் ஒரு வெளியும் இருந்தால் போதும். ஷோ பிரதர்ஸ் போன்ற பெரிய நிறுவனத்துக்கு ஹொங்கொங்கின் கிளியர்வோட்டர் பேயில் தெருக்களும் மாளிகைகளும் கட்டிவைத்த சொந்த வளவு இருந்தது. தாய்வானில் படம் எடுத்த சின்னக் கம்பனிகளுக்கு மலையடிவாரமும் ஆற்றங்கரையும்தான் ஸ்டூடியோ. வானத்துக்கு வாடகை இல்லை.

வேகத்துக்கு ஒரு தந்திரம். சாதாரணமாக ஒரு செக்கனுக்கு 24 படங்கள் ஓடும். எடுக்கும்போது கமராவை 20 அல்லது 22இல் ஓட்டி, காட்டும்போது 24இல் காட்டினால் கை கால் கொஞ்சம் வேகமாகத் தெரியும். அளவு மீறினால் சார்ளி சப்ளின் படமாகிவிடும். சுவருக்கு மேல் பாய வேண்டுமென்றால் நடிகர் சுவரிலிருந்து பின்பக்கமாகக் கீழே குதிப்பார். படத்தைத் தலைகீழாக ஓட்டினால் கீழிருந்து மேலே பறப்பார். இல்லையென்றால் கமராவுக்குத் தெரியாத இடத்தில் ஒரு ட்ரம்போலின் இருக்கும். அடி பட்டது தெரிவதற்குச் சட்டையில் மாவு போன்ற தூளைப் பூசியிருப்பார்கள். கை பட்டதும் புழுதி பறக்கும். சாச்சாவும் அவருடைய கூட்டாளிமாரும் இந்த ட்ரம்போலின் சமாச்சாரம் தெரியாமல் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மதிலில் முயற்சி செய்து, சாச்சாவின் மணிக்கட்டு உடைந்தது. இன்றும் மழை வந்தால் வலிக்கிறது என்கிறார். மழையில்லாத நாள் இங்கே எப்போது என்பது வேறு கதை.

இவ்வளவு பொய்யையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது எது? உடம்பு. அதைப் பொய்யாகச் செய்ய அவர்களிடம் பணமும் இருக்கவில்லை, கணினியும் இருக்கவில்லை. ஒரு காட்சியை நிறுத்தாமல் ஓடவிட்டு எண்ணிப் பாருங்கள். பத்துப் பதினைந்து அசைவுகள் வெட்டில்லாமல் போகும். அடி, தடுப்பு, அடி, தடுப்பு, பிறகு ஒரு கணம் இருவரும் சிலைபோல் நிற்பார்கள். அந்த நிற்றலில்தான் பார்ப்பவருக்கு மூச்சு வரும். இது பீக்கிங் ஒபரா மேடையிலிருந்து வந்த பழக்கம். ஜாக்கி சான் ஏழு வயதளவில் ஹொங்கொங்கில் இருந்த ஓர் ஒபராப் பள்ளியில் சேர்க்கப்பட்டு ஏறக்குறைய பத்து வருடம் அங்கேயே வளர்ந்தார். சம்மோ ஹங், யுவன் பியாவ் எல்லோரும் அதே பள்ளிப் பிள்ளைகள். விடியற்காலையில் எழும்பித் தலைகீழாக நிற்பதுதான் பாடம். பிழைவிட்டால் பிரம்படி. அந்தக் கண்டிப்பை நான் நல்லது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1978இல் யுவன் வூ பிங் இயக்கிய ‘ஸ்னேக் இன் த ஈகிள்ஸ் ஷெடோ’ படத்தில் பாம்பு முறைக்காரர்களும் கழுகு முறைக்காரர்களும் மோதும்போது, ஜாக்கி சானின் விரல் நுனி வரை போகும் ஒழுங்கு ஒரு மாதப் பயிற்சியில் வருவதில்லை. (‘பாம்பு பொக்ஸர்’ என்ற கசட் இதுதான். அந்தப் பெயர்தான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.) குங்ஃபூ என்ற சொல்லுக்கே சண்டை என்று பொருள் இல்லை. காலமெடுத்து உழைத்துப் பெற்ற திறமை என்றுதான் பொருள். நன்றாகச் சமைப்பவருக்கும் நன்றாக எழுத்தணி எழுதுபவருக்கும் குங்ஃபூ உண்டு.

இந்தப் படங்களை முழுதாகப் புகழவும் முடியாது. ‘ஒத்தக்கை பொக்ஸர்’ என்ற கசட் 1972இல் வந்த ‘வன் ஆம்ட் பொக்ஸர்’. எதிரிப் பள்ளிக்காரர் கூலிக்குக் கொண்டுவருபவர்களில் ஜப்பானியர், தாய்லாந்துக்காரர், திபெத்திய லாமாக்கள், ஓர் இந்திய யோகி எல்லோரும் உண்டு. 1976இல் வந்த அதன் அடுத்த பாகத்தில் யோகியின் கைகள் இரண்டு மடங்காக நீளும்! மண்ணிற மை பூசிய சீன நடிகர் ஒருவர்தான் அந்த இந்தியர். நானாவுக்கு அந்த யோகியைப் பார்த்ததும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் விளையாட்டில் வரும் தால்சிம்மின் நினைவுதான் வந்தது. எனக்கோ கொஞ்சம் கோபம் வந்தது. வெளிநாட்டவன் என்றால் கெட்டவன், ஜப்பானியன் என்றால் அதைவிடக் கெட்டவன் என்று பல படங்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. சீனாவை ஜப்பான் எப்படி நடத்தியது என்று வரலாறு படித்தவர்களுக்கு அந்தக் கோபத்தின் வேர் விளங்கும். 1972இல் வந்த புரூஸ் லீயின் ‘ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி’யும் அந்தக் கோபத்தில் எழுந்ததுதான். 1910இல் ஷங்ஹாயில் இறந்த ஹுவோ யுவான்ஜியா என்ற உண்மையான குருவின் மரணத்துக்கு, சென் சென் என்ற கற்பனை மாணவன் ஜப்பானியப் பள்ளியைத் தேடிப்போய்ப் பழிவாங்குகிறான். அந்தப் படம் அவனுடைய சாவோடு முடிகிறது. ஒரு பள்ளி அழிகிறது, மற்றதும் அழிகிறது. சாச்சா பத்து வயதில் கைதட்டிய காட்சி அது. இப்போது பார்த்தபோது, “எல்லாரும் மௌத்தாகித்தானே முடியுது” என்றார்.

எல்லாப் படமும் இப்படி முடிவதில்லை என்பதுதான் நான் கண்டுபிடித்த முக்கியமான விடயம். லவ் கார் லியுங் என்ற இயக்குநர் இருந்தார். இவர் படத்துக்காகக் குங்ஃபூ பழகியவரில்லை. வொங் ஃபெய் ஹுங் (1847–1925) என்ற புகழ்பெற்ற குருவின் மாணவர் லாம் சாய் விங். அவருடைய மாணவர் லவ் சாம். அந்த லவ் சாமின் மகன்தான் இவர். எங்கள் மார்க்கக் கல்வியில் ஆசிரியருக்கு ஆசிரியர் என்று சனது சொல்வதைப்போல இவரும் தன் சங்கிலியைச் சொல்ல முடியும். 1978இல் இவர் எடுத்த ‘த தேர்ட்டி சிக்ஸ்த் சேம்பர் ஒஃப் ஷாவ்லின்’ படத்தில் சண்டையைவிடப் பயிற்சிதான் அதிகம். வாளியில் தண்ணீர் சுமப்பதும் சமநிலை பழகுவதுமே படத்தின் நடுப்பகுதி முழுவதும். ரஜினிகாந்தின் ‘பாயும் புலி’ (1983) இதைத் தழுவிய படம்தான். அதே 1978இல் எடுத்த ‘ஹீரோஸ் ஒஃப் த ஈஸ்ட்’ படத்தில் கணவன் சீனன், மனைவி ஜப்பானியப் பெண். யாருடைய கலை பெரியது என்று வீட்டுக்குள்ளே சண்டை. பிறகு ஜப்பானிலிருந்து வீரர்கள் வருகிறார்கள். ஒருவரும் சாவதில்லை. தோற்றவரிடம் வென்றவர் மரியாதையாக நடக்க வேண்டும் என்பதே கதை.

1981இல் இவர் எடுத்த ‘மார்ஷல் க்ளப்’தான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பள்ளிகள், வழக்கம்போல. படம் சிங்க நடனத்தோடு தொடங்குகிறது. ஒரு சிங்கம் இன்னொரு சிங்கத்தின் முன்னால் எப்படி நடக்க வேண்டும், எது அவமதிப்பு என்று இயக்குநரே வந்து விளக்குகிறார். கெட்ட பள்ளி அந்த ஒழுங்கை மீறுவதிலிருந்துதான் பிரச்சினை கிளம்புகிறது. இவர்கள் வடக்கிலிருந்து ஒரு பெரிய வீரரைக் கூட்டி வருகிறார்கள். அவர் கூலியாள் போல் நடப்பதில்லை. யார் பக்கம் நியாயம் என்று அவருக்கு மெல்ல விளங்குகிறது. இருந்தாலும் இளம் வொங் ஃபெய் ஹுங்கின் திறமையைப் பார்க்க ஆசை. இருவரும் ஓர் ஒழுங்கையில் மோதுகிறார்கள். உள்ளே போகப் போகச் சுவர்கள் நெருங்கும் ஒழுங்கை. முதலில் கைகளை விரித்து ஆடியவர்கள், பிறகு முழங்கையால், பிறகு விரலால், கடைசியில் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு காலால் என்று முறையை மாற்றிக்கொண்டே போகிறார்கள். இடம் குறையக் குறையத் திறமை கூடுகிறது. கணினி வித்தை ஒன்றுமில்லை. இரண்டு மனிதர்களும் இரண்டு சுவர்களும்தான்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கல்லூரிச் சஞ்சிகைக்கு அழகில்லை. 1972இல் வந்த ‘ஹாப்கிடோ’வில் அஞ்சலா மாவ் நடிக்கிறார். தாய்வானில் பிறந்து ஒபராப் பயிற்சியில் வளர்ந்தவர். கொரியாவில் ஒரு கலையைக் கற்ற மூன்று சீன மாணவர்கள் ஊர் திரும்பிப் பள்ளி திறக்கிறார்கள். ஜப்பானியப் பள்ளியொன்று வம்புக்கு வருகிறது. ஆண்களில் ஒருவர் பொறுமையிழந்து கையை ஓங்க, மற்றவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, குரு சொன்ன பொறுமையை நீண்ட நேரம் காப்பவர் அஞ்சலா மாவ்தான். நம்மில் பலருடைய வீட்டிலும் இந்த வேலை யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. லவ் கார் லியுங்கின் ‘மை யங் ஆன்ட்டி’ (1981) படத்தில் நடித்த காரா ஹுய்க்கு, 1982இல் முதன்முதலாக நடந்த ஹொங்கொங் திரைப்பட விருது விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அழுது நடித்ததற்கல்ல, குங்ஃபூப் படத்துக்கு. சாச்சாவின் பெட்டியில் இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை. “பொம்புள பொக்ஸர் யாரு எடுக்கிற” என்றார். பார்த்து முடித்த பிறகு அந்தக் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை.

பெட்டியில் இல்லாத இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சீனாவில் ஹுய் என்ற முஸ்லிம் சமூகத்தினர் இருக்கிறார்கள். சீனச் சண்டை முறைகளில் சா ச்சுவான், பாஜி ச்சுவான் போன்றவை இவர்களுடைய பெயரோடு சேர்ந்தே வருபவை. பாஜி ச்சுவானை முதலில் கற்பித்தவராகச் சொல்லப்படும் வூ சொங், ஹெபெய் மாகாணத்து சாங்சோவ் பகுதி முஸ்லிம். அதே சாங்சோவில் 1881இல் பிறந்தவர் வாங் சிபிங். 1928இல் நான்ஜிங்கில் அரசாங்கம் தொடங்கிய மத்திய போர்க்கலைக் கல்லூரியில் ஷாவ்லின் பிரிவுக்கு இவர் தலைவர். எலும்பு முறிவுக்கு வைத்தியமும் செய்தார். உடைக்கத் தெரிந்தவரே பொருத்தவும் தெரிந்தவர். 1960இல் ஏறக்குறைய எண்பது வயதில் சீனப் பிரதமருடன் பர்மாவுக்குப் போன போர்க்கலைக் குழுவிலும் இருந்தார், 1973இல் காலமானார். இவருடைய மகள் வாங் ஜூரொங் தகப்பனிடமே கலையைக் கற்று, ஷங்ஹாயின் உடற்கல்வி நிறுவனத்தில் கற்பித்தார். பேத்திமாரும் அதே வழியில் போனார்கள்.

இந்தக் கடைசி விடயத்தை இரவுச் சாப்பாட்டு மேசையில் மெதுவாக விட்டேன். “தகப்பனே படிச்சுக் கொடுத்தாரா?” என்று உம்மா கேட்டார். அவ்வளவுதான். வாப்பா இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளி இரவு சாச்சா கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய காலம் போல டெக் போடுவதாகச் சொல்லி ‘மார்ஷல் க்ளப்’பை ஓடவிட்டார். வாப்பா கணக்குப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். ‘பாயும் புலி’யைத் தான் தியேட்டரில் பார்த்ததாக ஒரு முறை சொன்னார். சிங்க நடனத்தில் ஒரு முறை தலையைத் தூக்கினார். ஒழுங்கைச் சண்டை தொடங்கியபோது புத்தகம் மூடியிருந்தது. சுவர்கள் நெருங்க ஆரம்பித்த நேரத்தில் பள்ளியில் இஷாவுக்குப் பாங்கு சொன்னது. வாப்பா எழும்பித் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தொழுதுவிட்டு வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்:

“அந்த ஒழுங்கையில கடைசிக்கு யாரு வென்டது?”

யாரும் தோற்கவில்லை வாப்பா, வடக்கிலிருந்து வந்தவரே மற்றவருடைய திறமையை ஒத்துக்கொண்டு மரியாதையாகப் பிரிந்துவிட்டார் என்றேன்.

“அப்ப என்னத்துக்கு இவ்வளவு நேரம் சண்டை புடிச்ச?”

“பழகிப் பார்க்கத்தான்” என்றார் சாச்சா, மணிக்கட்டைத் தடவிக்கொண்டு.

படிவம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. நேற்று அதற்கு மேல் வாப்பாவின் மூக்குக் கண்ணாடி இருந்தது. வகுப்பு வருகிற சனிக்கிழமை தொடங்குகிறது.